முந்திரிக்குப் படியா, தராசா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாள், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதையும், அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் இராமாநுஜர் நிறைவேற்றியதாக வைஷ்ணவ சம்பிரதாயம் கூறுவதையும் பலரும் அறிவர். நைவேத்தியத்தைப் பாத்திரக் கணக்கில் சொன்ன அந்த வழக்கமே, ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி என்ற வாய்பாடாக நம் சமையலறைகளில் நெடுங்காலம் நிலவிற்று. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாக மெட்ரிக் முறை கடைவீதியை ஆட்கொண்ட பிறகும், வாங்குவது தராசில், அடுப்பில் போடுவது டம்ளரில் என்ற இரட்டை வழக்கம் நீடிக்கிறது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு இதனால் சங்கடமில்லை. திரவமாகிய பால் பாத்திரத்தில் இடைவெளியின்றி நிறைவதால், ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 1,030 கிராம் என்று துணிந்து சொல்லிவிடலாம். பருப்பு வகைகளின் சுபாவம் வேறு. 200 மில்லி கொள்ளும் டம்ளரைத் தலைதட்டி நிரப்பினால் முழு பாதாம் சுமார் 120 கிராமும், நிலக்கடலை சற்றே கூடுதலாகவும், முந்திரி சற்றே குறைவாகவும் நிற்கும். எஞ்சிய இடமெல்லாம் பருப்புகளுக்கு இடையே புகுந்த காற்றுக்கே சொந்தம். அதே பாதாமை மெல்லியதாகச் சீவியோ பொடித்தோ தளர்வாக நிரப்பினால் 80 கிராம் அளவே தேறும். உடைத்தால் எடை குறையும் என்று பொதுவிதி வகுக்கவும் இடமில்லை. கோணல்மாணலான அக்ரூட் பருப்பு பாதியாக இருக்கையில் 85 கிராமும், நறுக்கிய பின் துண்டுகள் நெருங்கி அமர்வதால் 100 கிராமுமாகிறது.

பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்தில் இந்த நியாயம் புதிதன்று. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்நூலின் கவுண்ட் ஆதலால், கவுண்டைக் கேளாமல் எடையைக் கொண்டு நீளத்தைச் சொல்ல அங்கே எவரும் முற்படார். பருப்பின் ரூபத்தைக் கேளாமல் டம்ளரைக் கிராமாக்குவதும் அவ்வாறே அசாத்தியம்.

ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தால், ஒரே கை அளக்கும்வரை விகிதம் பிசகாது. ஆதலால் பாட்டிமாரின் உழக்குக் கணக்கில் பிழையில்லை. பக்குவம் வீடு மாறும்போதுதான் சந்தேகம் எழுகிறது. பாதாம் பர்பிக்கு ஒரு டம்ளர் பாதாம் என்றதை முழுப்பருப்பாகக் கொள்ளாமல் பொடியாகக் கொண்டால், மூன்றில் ஒரு பங்கு பருப்பு குறைந்து, சர்க்கரை மிஞ்சிப் பாகம் கெடும். அல்வாவுக்கு ஊறவைத்த பருப்போ நீரை உறிஞ்சிப் பருத்துக் கனப்பதால், ஊறுமுன் அளப்பதே முறை.

எனவே வெறும் டம்ளரைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்துக்கொண்டு, புழங்கும் பருப்பு ஒவ்வொன்றையும் முழுதாகவும் பொடித்தும் இரண்டு மூன்று தடவை தலைதட்டி நிறுத்துச் சராசரியைக் குறித்துவைத்தால், அதுவே அந்த வீட்டுக்குரிய நிரந்தர வாய்பாடாகும். பிறருக்குப் பக்குவம் எழுதியனுப்புகையில் எடையையே குறிப்பதும், டம்ளரில்தான் சொல்வதாயின் அதன் கொள்ளளவையும், பருப்பு முழுதா பொடியா என்பதையும் சேர்த்தெழுதுவதும் உசிதம்.