முள்ளெலியும் முள்ளம்பன்றியும்: பெயர் மயக்கமும் வாழ்வியலும்

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவு, நெல்லும் வாழையும் விளையும் மருத நிலம். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி நகரைக் கடந்து மணப்பாறைப் பக்கம் சென்றால், சிறிது தொலைவிலேயே வானம்பார்த்த புன்செயும் முட்புதர்க் கரம்பும் தொடங்கிவிடுகின்றன. முள்ளெலியின் வாழ்வுக்கு ஏற்றது இவ்வகைப் புதர்நிலமே. இது தென்னிந்தியாவில் மட்டுமே காணப்படும் விலங்காகும். சென்னையின் பெயரால் ‘மெட்ராஸ் முள்ளெலி’ எனப்படும் இதனை 1851இல் ஹார்ஸ்ஃபீல்ட் அறிவியலுலகிற்கு விவரித்தார். வடமேற்கு இந்திய முள்ளெலியின் உட்பிரிவாகவும் இது நெடுங்காலம் கருதப்பட்டதுண்டு.

‘முள்ளெலி’ என்பது முள்ளை உடைய எலி என விரியும்; இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தோற்றத்தை நோக்கி இட்ட பெயர் என்ற அளவில் இது பொருந்துகின்றது. ஆயின் விலங்கியல் நோக்கில் முள்ளெலி எலியன்று. கொறிவிலங்கு வரிசையிலேயே அது அடங்காது. மூஞ்சூறும் அகழெலியும் அடங்கிய பூச்சியுண்ணி வரிசையைச் சேர்ந்தது. முள்ளம்பன்றியோ பன்றியினம் அன்று; உண்மையில் அதுவே கொறிவிலங்கு. பன்றி என்று பெயர் பெற்றதே எலிக்கு உறவாகவும், எலி என்று பெயர் பெற்றது உறவற்றதாகவும் அமைந்துவிட்டன.

இம்மயக்கம் இலக்கிய உரைகாண்பாரையும் தொடக்கூடியது. மலைபடுகடாம் முதலியவற்றில் வரும் ‘முளவுமா’ முள்ளம்பன்றியையே குறிக்கும். வேட்டையாடி ஊனுக்குப் பயன்படுத்திய மலைநில விலங்கு அது. வளர்ந்த முள்ளம்பன்றி பத்துக் கிலோவிற்கு மேலும் நிறையுடையது. முள்ளெலியின் நிறையோ ஏறத்தாழக் கால் கிலோ. எனவே முளவுமாவை முள்ளெலி எனக் கொள்ள இடமில்லை.

இரண்டின் வாழ்வும் வேறு. முள்ளம்பன்றி வேர், கிழங்கு, மரப்பட்டை ஆகியவற்றைக் கொறித்துப் பயிருக்கும் சேதம் விளைப்பது. முள்ளெலி வண்டு, கறையான், தேள் முதலியவற்றைத் தின்பது. பகலில் வளையிலோ புதரடியிலோ ஒடுங்கிக் கிடந்து, இரவில் தனியே இரைதேடும். ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே பிறக்கும். ஆகவே இழப்பை விரைந்து ஈடுசெய்யும் ஆற்றல், பெயரளவில் உறவான எலிக்கு இருப்பதுபோல் இதற்கு இல்லை.

முள்ளம்பன்றியின் முட்கள் எளிதில் கழன்று பகைவிலங்கின் உடலில் தைத்து நிற்கும். அவற்றை அது எய்யும் என்பது வெறும் நம்பிக்கையே. முள்ளெலியின் முட்கள் குட்டையானவை, எளிதில் கழலாதவை. அதன் தற்காப்பு சுருளுதலில் உள்ளது. தோலுக்கடியில் உடலைச் சுற்றியமைந்த தசை, சுருக்குப்பையின் நாடாவைப் போல் இறுகும்போது தலையும் காலும் மயிர் அருகிய அடிவயிறும் உள்ளே மறைந்து, வெளியே முள்ளுருண்டை மட்டும் எஞ்சும்.

நாயின் வாய்க்கு எதிராகப் பயன்படும் இவ்வுத்தி சாலையில் உயிரைப் பறிக்கின்றது. வண்டியைக் கண்டு ஓடாமல் அது நின்ற இடத்திலேயே சுருண்டுகொள்கின்றது. மனிதக் கைக்கு எதிராகவும் இவ்வுத்தி உதவுவதில்லை. சுருண்டதை எடுத்துச் செல்ல ஒரு துணியே போதும். குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு முள்தோலைக் கருக்கி மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் பதிவாகியுள்ளது. பாக்டீரியாவால் வரும் அந்நோய்க்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும்போதும் இதற்காக முள்ளெலி பிடிக்கப்படுவது வருந்தத்தக்கது. வாழிடச் சுருக்கமும் சேர்கின்றது. முட்புதர்க் கரம்பைத் ‘தரிசு’ என ஆவணத்தில் எழுதிவிட்டால், அதனை மனையாகவோ ஆலையாகவோ மாற்றுவதில் யாருக்கும் தயக்கம் எழுவதில்லை.

பன்னாட்டுச் செம்பட்டியல் இவ்விலங்கை உடனடி அச்சுறுத்தல் இல்லாத இனங்களின் வரிசையில் வைத்துள்ளது. எனினும் 2025இல் தமிழ்நாடு அரசு, சோலைமந்தி, வரிக்கழுதைப்புலி, ஒருவகைக் கெண்டைமீன் ஆகியவற்றோடு முள்ளெலியையும் சேர்த்து, நான்கினங்களின் பாதுகாப்பிற்கென 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. இத்தகைய பணியில் கள ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது பெயர்ச் சிக்கலையே. ‘முள்ளெலியைக் கண்டதுண்டா’ என்ற வினாவிற்குக் கிடைக்கும் ‘ஆம்’ என்ற விடை முள்ளம்பன்றியைச் சுட்டுவதாகவும் இருக்கலாம். படத்தைக் காட்டி, முள்ளின் நீளத்தையும், அஞ்சும்போது அவ்விலங்கு உருண்டையாகச் சுருளுமா என்பதையும் கேட்டறிந்த பின்னரே விடையைப் பதிவு செய்தல் வேண்டும்.