ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளியா, வீட்டுக் கல்வியா?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஐந்து வயது நெருங்கும்போது, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. "பேச்சு வரட்டும், பிறகு சேர்க்கலாம்" என்று உறவினர் சொல்லியிருப்பார்கள். பேச்சு வருவதைப் பள்ளியில் சேர்வதற்கான தகுதியாகக் கொள்ள வேண்டியதில்லை. படங்களைக் காட்டித் தன் தேவையைத் தெரிவிக்கும் குழந்தையும் வகுப்பில் கற்கும்.

முதலில் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையில் பாகுபாடு காட்டலாகாது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.

வீட்டுக் கல்வி என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளைக் குறிப்பிடுகிறோம். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்க, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து கற்பிப்பது ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், தீவிர அல்லது பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இதை அனுமதிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு குழந்தையை வீட்டில் இருத்திவிடுவது மற்றொன்று. பின்னதை நாங்கள் எளிதில் பரிந்துரைப்பதில்லை.

காரணம், வீட்டில் கற்பிக்க ஓர் ஆள் வேண்டும். சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்யும் குடும்பங்களில் அந்த ஆள் பெரும்பாலும் தாய்தான். இரவு ஷிப்ட் முடிந்து தந்தை பகலில் உறங்க, ஒற்றை அறை வீட்டில் குழந்தையைச் சத்தமின்றி வைத்திருப்பதே அவருடைய முழுநேர வேலையாகிவிடும். பாடம் கைப்பேசித் திரையில் போய் முடியும். இதில் தாயின் குறை ஏதுமில்லை.

ஆகவே, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளியையே முதலில் முயன்று பார்க்கச் சொல்கிறோம். தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். இறைவணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கி பொறுக்கவில்லையெனில், அது முடிந்தபின் வகுப்புக்கு வர அனுமதி கேளுங்கள். சுவரோர இருக்கையும் அன்றைய நிகழ்வுகளின் படவரிசையும் செலவில்லாத உதவிகள். புதிய இடத்தில் முதல் சில வாரங்கள் அழுவது இயல்பே. மாறாக, வாரக்கணக்கில் உறக்கம் கெடுதல், உணவை மறுத்தல், தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல், கற்ற திறன்களை இழத்தல் ஆகியவை தொடர்ந்தால் உடனே எங்களிடம் வாருங்கள். அங்கே அடியோ கேலியோ நேர்கிறதா என்பதையும் அப்போது விசாரிக்க வேண்டும். சில குழந்தைகளுக்குச் சில காலம் வீடே ஏற்றது. அதை நாங்களே எழுதித் தந்ததுண்டு. அப்போதும் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க வேண்டாம். "அழைத்துச் சென்றுவிடுங்கள்" என்று பள்ளி வாய்மொழியாகச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

எந்த முடிவும் நிரந்தரமன்று. 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். மாநிலப் பொதுத்தேர்விலும் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் வேளையிலும் திரும்பி வந்த வேளையிலும் கைப்பேசியில் எடுத்த சிறு காணொளிகளைக் கொண்டு வாருங்கள்.