நின்ற இதழைத் தொடர்தல்: லட்லோ இதழ்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பருவ இதழ்களின் வரலாற்றை ஆராய்வோர் ஓர் இதழின் முதல் வெளியீட்டு நாளையும் இறுதி வெளியீட்டு நாளையும் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட காலத்தையே அதன் வாழ்நாளாகக் கொள்வது வழக்கம். ஆனால், நடத்திய நிறுவனம் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னர் அவ்விதழின் படிப்பாளர்களே அதனை மீண்டும் கையிலெடுத்து, பழைய பெயரையும் பழைய எண்வரிசையையும் சூட்டி வெளியிடுவாராயின், அவ்வெளியீட்டை எவ்வாறு கொள்வது? முன்னை இதழின் தொடர்ச்சி என்பதா, புதிய இதழ் என்பதா, இடைச்செருகல் என்பதா? அவ்வாறு வெளியிடுதல் தொடரத் தக்கதுதானா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு, இங்கிலாந்தில் 1980களில் வெளிவந்த கணிப்பொறி விளையாட்டு இதழ்கள் தக்க சான்றாக அமைகின்றன. சிறார் விளையாட்டைப் பற்றிய பொருள்தானே என்று இதனை ஒதுக்குதல் கூடாது. மூலபாடம், ஆசிரியர் யார் என்னும் ஐயம், பிற்சேர்க்கை ஆகிய பதிப்புச் சிக்கல்கள் யாவும் நாற்பதாண்டு எல்லைக்குள் நிகழ்ந்து, சான்றுகளும் ஏறத்தாழ முழுமையாகக் கிடைக்கும் களம் இதுபோல் வேறு எளிதில் வாய்ப்பதில்லை.

சின்கிளேர் நிறுவனத்தாரின் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணிப்பொறி 1982 ஏப்பிரலில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கமடோர் 64 தோன்றிற்று. இவற்றுக்குரிய விளையாட்டுகள் பெரும்பாலும் ஒலிநாடாவில் பதியப்பெற்று விற்கப்பட்டன. நாடாவை ஓட்டிச் சில நிமிடம் காத்திருந்த பின்னரே ஆட்டம் திரையில் தோன்றும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்ப் பகுதியிலுள்ள லட்லோ என்னும் சிற்றூரில், ரோஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, ஃப்ராங்கோ ஃப்ரே ஆகியோர் நியூஸ்ஃபீல்ட் என்னும் பெயரால் இவ்விளையாட்டுகளை அஞ்சல்வழி விற்கத் தொடங்கினர். அவ்விற்பனைக்கென அச்சிட்ட விலைப்பட்டியலே வளர்ந்து, 1984 பிப்பிரவரியில் 'கிராஷ்' என்னும் திங்களிதழாயிற்று. கமடோர் 64 உடையோர்க்கென 1985 மே என நாளிட்டு 'ஸாப் 64' வெளிவந்தது. பட்டியலிலிருந்து இதழ் பிறந்தது என்பது கருதத் தக்கது. பொருளை விற்றோரே அப்பொருளின் குறையையும் எடுத்துரைக்கத் துணிந்தமையால் அவ்விதழுக்கு நம்பகம் உண்டாயிற்று.

அந்நம்பகம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில், பின்னாளில் ஆர்வலர் மீட்க விழைவது இதனையே. கிராஷ் இதழின் மதிப்புரையாளருட் பலர் உள்ளூர்ப் பள்ளி மாணவர். ஒரே விளையாட்டைப் பற்றி மூவர் தனித்தனியே கருத்துரைப்பர். தொடக்கத்தில் அக்கருத்துகள் பெயரின்றியே அச்சாயின. ஒருவர் புகழ்ந்ததை மற்றொருவர் பழித்தலும் உண்டு. இறுதியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடப்பெறும். ஸாப் இதழிலோ கருத்துரைத்தோரின் முகங்கள் ஆலிவர் ஃப்ரேயின் கோட்டோவியங்களாக அருகே நின்றன. முகம் மலர்ந்திருக்கிறதா சுளித்திருக்கிறதா என்பதை நோக்கியே படிப்பவன் தீர்ப்பை உணர்ந்துகொள்வான். வாசகர் மடல்களுக்கு விடை எழுதிய லாய்ட் மாங்கிரம் என்பவர் உண்மை மனிதரல்லர், இதழார் படைத்துக்கொண்ட பாத்திரம். புனைபெயரில் ஒளிந்து எழுதும் ஆசிரியரை நாம் நன்கு அறிவோம். இங்கோ எழுதுவோர் மாறினாலும் மாறாத புனைபெயர் ஒன்று நிலவிற்று.

விளையாட்டொன்றை வாங்குமுன் ஆடிப் பார்த்தல் பெரும்பாலும் இயலாது. மலிவு வெளியீடுகள் 1.99 பவுனுக்குக் கிடைத்தன. ஏனையவை அதனினும் பன்மடங்கு விலையுடையன. கைச்செலவுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வாங்கும் சிறுவனுக்கு, தவறான தேர்வு சில வாரச் சேமிப்பை இழப்பதாகும். எனவே மதிப்புரை என்பது அவனுக்கு வெறும் இன்பநூல் அன்று. செயலுக்கு உரிய அறிவுரை. மதிப்பிட்டவரும் எதிர்காலத்தை அறியார். எவ்விளையாட்டு நிலைக்கும், எந்நிறுவனம் வீழும் என்பது தெரியாத நிலையிலேயே அவர் தீர்ப்புக் கூறினார். பழைய பக்கங்களை இன்று படிக்குங்கால் நம்மைக் கவரும் உயிர்ப்பு இவ்வறியாமையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. வண்ண அட்டை, நகைச்சுவை, குறும்பு எல்லாம் அதன்மேல் பூசிய பூச்சே.

நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1991இல் கடன் தீர்க்க இயலாது கலைந்தது. இதழ்கள் யூரோபிரஸ் நிறுவனத்தார் கைக்குச் சென்றன. 98 இதழ்கள் கண்ட கிராஷ் 1992இல் அதன் போட்டி இதழாகிய 'சின்கிளேர் யூசர்' என்பதில் கலந்து மறைந்தது. ஸாப் 1992 நவம்பரில் தன் 90ஆம் இதழோடு பெயர் இழந்து, 'கமடோர் ஃபோர்ஸ்' என்னும் புதுப்பெயர் பூண்டது. அது 16 இதழ்கள் வெளிவந்து 1994 மார்ச்சில் நின்றது. பிறிதொரு நிறுவனத்தார் நடத்திய 'யுவர் சின்கிளேர்' 1993 செப்டம்பரில் 93ஆம் இதழோடு முடிந்தது.

இனி மீட்பு முயற்சிகளைக் காண்போம். ஸாப் இதழின் ஆர்வலர், பழைய ஆசிரியர் ஒருவரின் துணையோடு, 2002இல் மின்படியாக ஓர் இதழை உருவாக்கினர். அதற்கு அவர்கள் இட்ட எண் 107. இவ்வெண் ஏதோ விருப்பத்தால் இட்டதன்று. 90உடன் 16ஐக் கூட்டின் 106. ஆதலின் அடுத்தது 107. இக்கூட்டலுள் ஒரு பதிப்புத் தீர்ப்பு அடங்கியுள்ளது. பெயர் மாறிய கமடோர் ஃபோர்ஸ் வேறு இதழன்று, ஸாப் இதழே என்பது அத்தீர்ப்பு. சரியென்றே வைத்துக்கொள்வோம். எனினும் அதனை எங்கும் வாதிட்டு நிறுவாமல், அட்டையில் ஓர் எண்ணாக இட்டுவிட்டனர். யுவர் சின்கிளேர் இதழுக்கும் 2004இல், 'ரெட்ரோ கேமர்' என்னும் இதழின் இணைப்பாக 94ஆம் எண்ணுடன் ஒரு நினைவிதழ் வெளிவந்தது. ஸாப் தோன்றி இருபதாண்டு நிறைந்த 2005இல் அதற்கும் அவ்வாறே ஒரு சிறப்பிணைப்பு வந்தது. பின்னர் 2017இல், முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் முறையால் கிராஷ் ஆண்டுமலர் ஒன்றுக்குப் பொருள் சேர்க்கப்பட்டது. நிறுவியோராகிய கீனும் ஃப்ரேயும் அதில் பங்கு கொண்டனர். தொடர்ந்து கிராஷும் ஸாப்பும் சிறிய அளவில் அச்சிதழ்களாகவே மீண்டும் உலவலாயின.

இவை யாவும் ஒரு தன்மையன அல்ல. 'மீட்பு' என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் சுட்டுவதனாலேயே ஆர்வலரிடையே பூசல் விளைகிறது. பழைய பக்கங்களை ஒளிப்படி எடுத்துக் காத்தல் ஒன்று. விழாவை ஒட்டி ஒரே ஒரு நினைவிதழ் வெளியிடுதல் மற்றொன்று. பழைய பெயரில் இதழைத் தொடர்ந்து நடத்துதல் பிறிதொன்று. முதலாவதைப் பற்றி எவர்க்கும் ஐயமில்லை. இரண்டாவதும் தீங்கற்றது, நினைவு மலருக்குரிய இயல்பை அட்டையே காட்டிவிடும். மூன்றாவதே ஆராயத் தக்கது.

தொடர வேண்டும் என்பார் கூறும் வலிய காரணம் ஒன்றுண்டு. ஸ்பெக்ட்ரமுக்கும் கமடோர் 64க்கும் புதிய விளையாட்டுகள் இன்றும் எழுதப்படுகின்றன. சில, ஒலிநாடாவிலேயே விற்கவும் படுகின்றன. 2017இல் பொருள் திரட்டிய ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்னும் புதுப்பொறி 2020இல் வாங்கியோர் கையை அடைந்தது. பொறி இருக்கிறது, படைப்போர் இருக்கின்றனர், வாங்குவோரும் இருக்கின்றனர். ஆகவே மதிப்பிடுவோரும் வேண்டும் என்பது அவர்தம் வாதம். இதனை நான் முழுதும் ஏற்கிறேன். இறந்தகாலத்தைப் போற்றுதற்கே ஓர் இதழ் வேண்டும் என்பாரின் கூற்றினும் இது மிக உறுதியானது. முப்பதாண்டுக்கு முன் வந்த விளையாட்டைப் பழைய குரலில் மீண்டும் மதிப்பிடுங்கால், விடை தெரிந்த கணக்கைப் போடுவது போன்ற ஒரு பொய்மை வந்து விடுகிறது. புதிய விளையாட்டைப் பற்றிய மதிப்புரையிலோ அப்பொய்மைக்கு இடமில்லை.

ஆயினும் இங்கேயே இடர்ப்பாடும் தோன்றுகிறது. அக்காலத்தில் நூறாயிரக்கணக்கான வீடுகளில் பொறி இருந்தது. விளையாட்டை இயற்றியவரும் மதிப்பிட்ட பள்ளி மாணவரும் ஒருவரையொருவர் அறியார். இன்று வட்டம் சிறிது. இயற்றுவோர், மதிப்பிடுவோர், முன்பணம் தருவோர் ஆகிய மூவரும் ஒரே கூட்டத்தார். ஊதியம் கருதாது ஓராண்டு உழைத்து விளையாட்டொன்றை ஆக்கிய நண்பனுக்கு நூற்றுக்கு 34 என்று எவர் எழுதுவார்? எழுதாராயின், பழைய இதழின் பெயர் நிற்கும். அப்பெயருக்கு மதிப்புத் தந்த கடுமை நில்லாது. மீட்பிதழ்களை அளத்தற்கு இதனையே முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்: குறைந்த மதிப்பெண் எத்தனை முறை இடப்பெற்றது, அதற்குரிய காரணம் எவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டது? முகப்போவியத்தின் அழகையும் தாளின் தரத்தையும் அதற்குப் பின்னரே பார்க்கலாம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். ஆங்கில நாட்டுச் சட்டப்படி படைப்பாளி மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் பதிப்புரிமை நிலவும். ஆலிவர் ஃப்ரே 2022இல் மறைந்தார். அவர் தீட்டிய முகப்புகள் 2092 முடியும்வரை எவருக்கேனும் உரியனவாகவே இருக்கும். ரோஜர் கீன் 2023இல் மறைந்தார். நிறுவனம் கலைந்து, இதழ்கள் கைமாறி, எழுதியோர் சிதறிய நிலையில், ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிமையாளர் யார் என்பதைத் தேடிக் கண்டறிதல் எளிதன்று. 2017இன் மலர்க்கு நிறுவியோரே உடனிருந்தனர். ஆதலின் அதனைத் தொடர்ச்சி என்று கூறுதற்கு ஓர் இயல்பான பற்றுக்கோடு இருந்தது. அவ்விருவரும் இல்லாத இன்று அப்பற்றுக்கோடு இல்லை. பெயரைப் பயன்படுத்தச் சட்டப்படி இசைவு பெறலாம். பெயரின் பொருளை அவ்வாறு பெற இயலாது.

உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆர்வலர் பலர் பகலில் வேறு தொழில் செய்து இரவில் பக்கம் கோப்போர். அவர்தம் வேளை அளவுடையது, அகவையும் ஏறிவருகிறது. அவ்வேளையைப் புதிய இதழுக்குச் செலவிடின், பழைய இதழைக் காக்கும் பணி பின்தள்ளப்படும். ஒளிப்படி எடுத்தாயிற்றே, இனி என்ன பணி என்று சிலர் கருதுவர். எடுத்த படிகளில் கோணல், விடுபட்ட பக்கம், நிறமாற்றம் ஆகியன உள்ளன. விளம்பரப் பக்கங்களைப் பயனற்றவை என நீக்கிய படிகள் உலவின், அவை பேரிழப்பே. லிவர்பூல் நகரத்து இமாஜின் நிறுவனம் 'பாண்டர்ஸ்னாட்ச்', 'சைக்லாப்ஸ்' என்னும் இரு பெருவிளையாட்டுகளை 1984இல் ஆரவாரமாக விளம்பரம் செய்தது. அவை வெளிவருமுன் நிறுவனமே அவ்வாண்டில் வீழ்ந்தது. வராத விளையாட்டுக்கு மதிப்புரை இராது. படிப்பாளர் அவற்றை எவ்வளவு ஆவலோடு எதிர்நோக்கினர் என்பதற்கு அவ்விளம்பரங்களே தலையாய சான்று. நம் நாட்டிலும் பழைய இதழ்களைக் கட்டடம் செய்வோர், அட்டையையும் விளம்பரத் தாளையும் கிழித்தெறிந்து உள்தாளை மட்டும் தைத்து வைத்த தொகுதிகளைக் கையாண்டவர்க்கு இதன் வலி தெரியும்.

இவற்றால் நான் கொள்ளும் முடிபு இது: புதிய விளையாட்டுகளை அஞ்சாது மதிப்பிடும் இதழ் ஒன்று தேவை, அது தொடரலாம், தொடரவும் வேண்டும். ஆனால் பழைய எண்வரிசையை அது மேற்கொள்ளுதல் கூடாது. மின்படிகள் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பெறுங்கால் 106ஐ அடுத்து 107 நிற்கும். இடையே எட்டாண்டு இடைவெளியும், நிறுவனம் மறைந்ததும், எழுதியோர் மாறியதும் கோப்பின் பெயரில் தோன்றா. இன்று அதனை அறிந்தோர் உளர். ஐம்பதாண்டுகள் கழித்து வரும் ஆய்வாளன், 1990களின் படிப்பாளர் எண்ணத்துக்குச் சான்றாக 107இன் வரிகளை எடுத்தாளுவானாயின் அவனைக் குறை கூறுதல் இயலுமா? ஏட்டுச் சுவடிகளில் பிற்காலத்தார் செய்யுள் புகுந்தமையை உணர்ந்து பிரித்தெடுக்க நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறியாததன்று. அவர்க்கேனும் மொழிநடையின் வேறுபாடு துணைசெய்தது. பழைய நடையையே வேண்டுமென்று பின்பற்றும் ஆர்வலர் இதழில் அத்துணையும் இல்லை.

ரெட்ரோ கேமர் இதழின் வரலாறு இங்கு நோக்கத் தக்கது. 2004இல் தோன்றிய அவ்விதழ் 2005இல் பதிப்பித்த நிறுவனம் வீழ்ந்தமையால் நின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே வேறொரு நிறுவனத்தார் வாங்கி மீண்டும் வெளியிட்டனர். பின்னர் 2016இல் அது ஃபியூச்சர் நிறுவனத்தாரிடம் சேர்ந்து, இருநூறு இதழ்களைக் கடந்தது. ஃபியூச்சரை 1985இல் தொடங்கியவர், ஸாப் இதழின் முதல் ஆசிரியராக இருந்து, அவ்வலுவலகம் லட்லோவுக்கு மாற்றப்பட்டபோது விலகிய கிறிஸ் ஆண்டர்சன். பழம்பொருளையே பேசும் இதழாயினும் அது எவர் பெயரையும் இரவல் வாங்கவில்லை. தன் பெயரில், தன் எண்ணில் நின்றது. கிராஷ் பெயரை விட மனமில்லாத ஆர்வலர், புதிய வரிசை என்று தெளிவாகக் குறித்து, எண் 1இலிருந்து தொடங்கி, தலைப்புப் பக்கத்தில் வெளியிடுவோர் பெயரையும் ஆண்டையும் அச்சிடின் குழப்பத்திற் பெரும்பகுதி நீங்கும்.

அதற்கும் முன்னதாகச் செய்யத் தக்க பணி ஒன்றுண்டு. பெயரின்றி மூன்று கருத்துரை எழுதிய அந்த லட்லோ மாணவர்கள் இன்று ஐம்பது அகவையைக் கடந்தவர்கள். எந்தக் கருத்துரை எவருடையது, மதிப்பெண்ணை முடிவு செய்தவர் யார், விளம்பரம் தந்த நிறுவனத்தின் விளையாட்டைக் குறைகூற நேர்ந்தபோது அலுவலகத்தில் நடந்தது என்ன என்பவற்றை அச்சுப் பக்கம் சொல்லாது. அவர்களையே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கீனையும் ஃப்ரேயையும் இனிக் கேட்க இயலாது.