எங்கள் முன்பள்ளிக்கு எந்தக் கலைத்திட்டம்?

“மூன்று மாதமாச்சு, கொப்பியில ஒரு எழுத்தும் இல்லை. விளையாடவோ பிள்ளையை அனுப்புறம்?” கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் இப்படிக் கேட்டார். 2009 இல் அவர் சிறுமி. இடப்பெயர்வில் படிப்பை இழந்தவர். தன் பிள்ளையும் பின்தங்கிவிடுமோ என்ற அவரது பயம் நியாயமானதே.

ஆனால், நான்கு வயதுப் பிள்ளையின் விரல்களும் மணிக்கட்டும் இன்னும் முழுமையாக வலுப்பெறவில்லை. மண் பிசைவதும் மணி கோர்ப்பதும் கடதாசி வெட்டுவதுமே அந்தக் கையைப் பென்சில் பிடிக்கத் தயாராக்குகின்றன. ஏடு தொடக்கிவிட்டோம் என்பதற்காகப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துவிடும்.

உலகில் பல முறைகள் உள்ளன. மரியா மொண்டிசோரி 1907 இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் தன் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாறுக்கும், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தண்ணீர் ஊற்றுதல், பொத்தான் பூட்டுதல் என்று பிள்ளை தானே செய்து பழகுவது அவரது முறை. அமெரிக்காவின் ஹைஸ்கோப் முறையில், பிள்ளை செய்யப்போவதை முதலில் சொல்லும்; பிறகு செய்யும்; முடிவில் செய்ததை நினைத்துச் சொல்லும்.

எங்களுக்கு மிக நெருக்கமானது ரெஜியோ எமிலியாவின் கதை. 1945 இல் போர் முடிந்ததும், அந்த இத்தாலிய நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா கிராமத்தவர், ஜேர்மன் படை விட்டுச்சென்ற யுத்த டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று முன்பள்ளி கட்டினார்கள். அதில் பெண்கள் முன்னின்றார்கள். லொரிஸ் மலகுஸி என்ற ஆசிரியர் அவர்களோடு இணைந்தார். பெற்றோரும் பங்காளிகள் என்பது அந்த முறையின் அடிப்படை.

அன்றைய கூட்டத்தில் இம்முறைகளை எடுத்துச் சொன்னேன். எதையும் அப்படியே கொண்டுவர வசதியில்லை. பொருத்தமானதை எடுப்போம் என்று முடிவாயிற்று. விலை கூடிய சாதனங்களுக்குப் பதிலாகச் சிரட்டை, புளியங்கொட்டை, பனையோலை. தினமும் பிள்ளை தன் வேலையைத் தானே தெரிவு செய்ய ஒரு நேரம். மாதமொருமுறை பிள்ளைகளின் கைவேலைகளைத் தாய்மாருக்குக் காட்டி, அதிலிருந்து பிள்ளை கற்றதை ஆசிரியை விளக்குவார். கேள்வி கேட்ட தாயே சிரட்டை சேர்க்கும் பொறுப்பை ஏற்றார்.

சகோதரிகளே, முன்பள்ளியைத் தெரிவு செய்யும்போது பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று விடயங்களைக் கேளுங்கள். பிள்ளை பயமின்றிப் பேசுகிறதா? தன் கையால் ஏதாவது செய்கிறதா? ஆசிரியை உங்களோடு கலந்து பேசுகிறாரா? மூன்றுக்கும் ‘ஓம்’ என்றால், கொப்பி வெறுமையாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள். எழுத்து உரிய காலத்தில் வரும்.