அசலும் நகலும் – 9: துளைக்குள் பாருங்கள்

காரைக்காலில் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சாக்லேட், சென்ட்டோடு சில சமயம் ஒரு கண்ணாடிப் பாசிமாலையும் இருக்கும். “வெனிஸ் போனப்போ வாங்கினது” என்று சொல்லித் தருவார்கள். பார்த்தால் அதே பூப்போட்ட மாலை ஆனியில் மாங்கனித் திருவிழாக் கடையிலும் தொங்குகிறது. “இத்தாலி சரக்குக்கா, வேற எங்கயும் கிடைக்காது” என்கிறார் கடைக்காரர். இரண்டில் எது அசல்? இரண்டுமே இல்லாமலும் போகலாம்.

தீ விபத்துக்கு அஞ்சி, 1291-இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளைப் பக்கத்துத் தீவான முரானோவுக்கு மாற்றியது. அங்கே இன்றும் மணிகளைக் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடிக் குச்சியைச் சுடரில் உருக்கி, உலோகக் கம்பியின் மேல் சுற்றிச் சுற்றி உருட்டுவார்கள். ஆறிய பிறகு மணி கழன்று வருவதற்காகக் கம்பிக்கு முன்பே களிமண் பூச்சு கொடுத்திருப்பார்கள். அவசரமாகச் செய்த சரக்கில் அந்தப் பூச்சு வெள்ளைப் பொடியாகத் துளைக்குள் தங்கிவிடும். ஒரு ஊசியை விட்டுச் சுரண்டினால் உதிரும். நல்ல கைவினைஞர் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் மணியைக் கோப்பார். செம்பின் மேல் சுற்றி, பிறகு செம்பை அமிலத்தில் கரைத்தெடுக்கும் வழக்கமும் முரானோவில் உண்டு. துளையின் வாயையும் பாருங்கள். நல்ல மணியில் அது உள்நோக்கி மெல்லக் குழிந்திருக்கும். கூராக நீட்டிக்கொண்டு நூலை அறுக்காது.

பூப்போட்ட மணியில் ஏமாற்று அதிகம். பல நிறக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சேர்த்து நீளமாக இழுத்த குச்சியை, வாழைத்தண்டு நறுக்குவதுபோல் வில்லை வில்லையாக வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ இருக்கும். அந்த வில்லைகளைப் பதித்துத்தான் அசல் மணி உருவாகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதழ்களுக்கு ஆழம் தெரியும். மேலே அச்சடித்த பூவுக்கு ஆழம் கிடையாது. பிளாஸ்டிக் களிமண்ணில் செய்ததென்றால் கன்னத்தில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்: கண்ணாடி சில்லென்று இருக்கும், அது இருக்காது. தங்க ரேக்கு வைத்த மணியில் மினுக்கம் கண்ணாடிக்கு அடியிலிருந்து வரும். தங்கப் பெயின்ட் நகம் பட்டாலே உரியும்.

இத்தனை சோதனையிலும் தேறிவிட்டால் அது நன்றாகச் செய்த கண்ணாடி மணி, அவ்வளவுதான். முரானோவில் செய்தது என்பதற்கு அது சாட்சியாகாது. ஏனென்றால் முரானோ கம்பெனிகளின் கண்ணாடிக் குச்சிகள் உலகமெங்கும் விற்பனைக்குப் போகின்றன; யார் வேண்டுமானாலும் வாங்கி எங்கே வேண்டுமானாலும் மணி செய்யலாம். இதனால்தான் வெனெத்தோ மாநில அரசு 1994-இல் சட்டம் போட்டு ‘வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ’ என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த ஒட்டுச்சீட்டில் உற்பத்தியாளரின் குறியீட்டு எண் இருக்கும். அதில் சேராத முரானோ கைவினைஞர்களும் உண்டு. அவர்களிடம் வாங்கியதற்கு அவர்கள் தரும் ரசீதுதான் ஆதாரம்.

இத்தாலிச் சரக்கை முத்திரை பார்த்து அடையாளம் காண்பது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. காரைக்கால் சேர்ந்திருக்கும் அதே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில்தான் அரிக்கமேடு இருக்கிறது. அங்கே 1945-இல் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு, இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. செய்தவர் பெயர் பொறித்த ஓடுகளும் அவற்றில் உண்டு. அவற்றை வைத்தே அவர் அந்த ஊரின் காலத்தைக் கணித்தார். கூடவே கிடைத்த, உருளைக்கருவியால் கோலம் போட்ட வழவழப்பான தட்டுகளையும் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார். பிற்பாடு விமலா பெக்லியின் ஆய்வும் களிமண் பரிசோதனைகளும் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டின. அத்தனை பெரிய அறிஞரும் நம் குயவரின் கைவேலையை வெளிநாட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார்.

அதே அரிக்கமேட்டில்தான் கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்கிச் சின்னஞ்சிறு பாசிகள் செய்தார்கள். அந்த வகைப் பாசி கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போனது. அந்த நுட்பம் ஆந்திராவின் பாப்பாநாயுடுப்பேட்டையில் நம் காலம் வரை பிழைத்து வந்தது. வெனிஸ்காரர்களும் பொடிப்பாசியைக் குழல் இழுத்துத்தான் செய்தார்கள்.

இன்று நம் கடைகளுக்கு வரும் ‘இத்தாலி’ மாலைகளில் சீன மணிகளும் உண்டு, உத்தரப்பிரதேசத்தின் புர்தில்நகர் மணிகளும் உண்டு. ஹாத்ரஸ் மாவட்டத்து அந்தச் சிற்றூர் கண்ணாடி மணியால்தான் வாழ்கிறது. அங்கேயும் சுடர் முன்னால் உட்கார்ந்து, கண் எரிய எரிய ஒவ்வொரு மணியாக உருட்டுகிறார்கள். கண்ணாடி மணிக் கலையை இத்தாலியும் பிரான்ஸும் சேர்ந்து 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏற்றிக்கொண்டன. புர்தில்நகர்க்காரர் செய்த மணி, அவர் ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் வெனிஸ் பெயரில் விலைபோகிறது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். முரானோக்காரருக்கும் நஷ்டம், இவருக்கும் நஷ்டம். லாபமெல்லாம் நடுவில் சீட்டு ஒட்டியவருக்கு.

ஆகவே அடுத்த முறை “இத்தாலி” என்று சொன்னால், முத்திரையைக் கேளுங்கள். இல்லையென்றால் எந்த ஊர்ச் சரக்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். புர்தில்நகர் என்று எழுதினால், துளையைப் பார்த்துவிட்டுத் தாராளமாக வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: நாகூர்க் கடைவீதியின் அத்தர்)