செங்கல்லுக்கு உண்டு, நிலத்துக்கு இல்லை

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ஓயாது பெய்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாற்றைக் கரைபுரளச் செய்து, ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீடுகளுக்குள் சேற்றை நிரப்பிச் சென்றபோது, வாசலில் நின்ற வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தும் வீட்டுக்கு இல்லாமல் தவித்த குடும்பங்கள் சென்னையில் அநேகம். வாகனத்துக்குச் சட்டத்தின் நிர்ப்பந்தம் இருக்கிறது. வீட்டுக்கு அவ்வாறு இல்லை. எனினும், பாலிசி இல்லாதவரைக் காட்டிலும், அதை வாங்கி வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலேயே நிம்மதியாக இருப்பவரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

காப்பீட்டுத் துறையை மேற்பார்வையிடும் ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுப் பாலிசியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதன் ஷரத்துகள் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒன்றே. பிரீமியம் மட்டும் வேறுபடலாம். தீ, இடி, வெடிவிபத்து, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டி உடைந்து பெருகுதல் முதலியவற்றால் நேரும் சேதத்துக்கு இது ஈடு தருகிறது. இங்கே சாமானியர் முக்கியமாக உணரவேண்டிய விஷயம், பாலிசி என்பது நஷ்டத்தின் அளவை மாத்திரம் பார்த்துப் பணம் கொடுப்பதன்று, நஷ்டத்தின் காரணத்தை முதலில் கேட்பது என்பதே. வெள்ளத்தால் இடிந்த சுவருக்கு ஈடு உண்டு. ஆண்டுக்கணக்கில் நீர் கசிந்து காரை பெயர்ந்த சுவருக்கு இல்லை. மின்கோளாறால் பிடித்த தீ வீட்டுக்குப் பரவினால் அந்தச் சேதத்துக்கு ஈடு கிடைக்கும். கோளாறு ஏற்பட்ட அந்த மின்சாதனத்துக்குக் கிடைக்காது. ‘வீட்டு இன்சூரன்ஸ்’ என்றதும் திருட்டுக்குத்தான் என்று நினைப்பவர் பலர். இந்தப் பாலிசியிலோ, வெள்ளம், தீ போன்ற சம்பவம் நேர்ந்து, அதன் விளைவாக ஏழு நாட்களுக்குள் நிகழும் திருட்டுக்கு மட்டுமே இடமுண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துப் புகும் திருடனுக்கு எதிராகத் தனிக் காப்பீடு வேண்டும்.

இனி, எத்தனை ரூபாய்க்கு எடுப்பது என்ற கேள்வி. பிரதானமான தவறு நிகழ்வது இங்கேதான். ஒரு கோடி ரூபாய்க்குக் கிரயம் பேசி வாங்கிய அடுக்குமாடி வீட்டை ஒரு கோடிக்கே காப்பீடு செய்யவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அக்கிரயத்தில் பெரும்பங்கு, பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதப்படும் நிலத்துக்குரியது. நிலம் தீயில் எரிவதுமில்லை, வெள்ளத்தில் கரைந்து காணாமற்போவதுமில்லை. ஆகவே கணக்கில் வரவேண்டியது, அதே கட்டடத்தை இன்று திரும்ப எழுப்ப ஆகும் செலவுதான். ஆயிரம் சதுர அடி உட்பரப்பும், சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவும் என்று வைத்துக்கொண்டால், காப்புத் தொகை 25 லட்சம். பாத்திரம் பண்டம், கட்டில், குளிர்பதனப் பெட்டி முதலிய சாமான்களுக்கு, தனியே பட்டியல் கொடுக்காவிட்டாலும், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதாவது இந்த உதாரணத்தில் ஐந்து லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். அதற்கு உச்சவரம்பு பத்து லட்சம். நகைகளுக்கு விருப்பப் பிரிவின்கீழ் தனியே கேட்டுப் பெறவேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத நல்ல வசதி.

முன்பெல்லாம் 40 லட்சம் பெறுமானமுள்ள கட்டடத்தை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், நான்கு லட்சம் நஷ்டத்துக்கும் பாதியே கிடைக்கும் என்ற கடுமையான விதி இருந்தது. வீடுகளைப் பொறுத்தவரை அந்தக் குறைப்பு இப்போது நீக்கப்பட்டிருப்பது மெச்சத்தக்க சீர்திருத்தம். ஆயினும் வீடு முழுவதும் அழிந்துபோனால் கட்டடத்துக்குக் கிடைக்கும் ஈடு எழுதிய தொகையை ஒட்டியே இருக்கும்; ஆதலால் குறைத்து எழுதும் ஆசை இன்றைக்கும் ஆபத்தானதே.

வீட்டுக்கடன் வாங்கியோர் ‘பாங்கியே இன்சூரன்ஸ் எடுத்துவிட்டது’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையில் கடனாளியின் உயிருக்கு எடுத்த பாலிசியாக இருக்கலாம். கட்டடத்துக்கே எடுத்ததாயினும் மிச்சமுள்ள கடன் தொகைக்கு மட்டும் எடுத்ததாக இருக்கலாம். ஈட்டுத் தொகையில் முதல் உரிமை பாங்கிக்கு என்ற ஷரத்தும் அதில் இருக்கலாம். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, எந்தச் சொத்துக்கு, எத்தனை ரூபாய்க்கு, எந்தத் தேதிவரை என்ற மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுவது நலம்.

கம்பெனி நியாயமற்று ஈட்டை மறுத்தால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் முறையிட்டு, அதை நிராகரித்தாலும், ஒரு மாதமாகியும் பதிலளிக்காவிட்டாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. ஆனால் எந்த முறையீட்டுக்கும் ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரங்களோ வீட்டோடு சேர்ந்து நனைந்துபோகக் கூடியவை. பாலிசி வாங்கும் அன்றே ஒவ்வோர் அறையையும் அதிலுள்ள பொருள்களோடு படமெடுத்து, ரசீதுகளையும் பாலிசியையும் நகலெடுத்து, வெளியூரில் மேடான இடத்தில் குடியிருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ ஒரு கட்டுக் கொடுத்து வைத்தால், நீர் வடிந்தபின் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம், அலமாரி நின்ற இடத்தையும் அதற்குள் இருந்தவற்றையும் நினைவை மட்டும் நம்பிச் சொல்லும்படி நேராது.