காட்டுச் சான்றளிப்பும் கூட்டுப் பொறுப்பும்

உத்தரப் பிரதேசத்திலுள்ள சகாரன்பூர் நகரம் மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. வடநாட்டில் ஷீஷம் என வழங்கும் சிசு மரத்தில், கொடியும் மலரும் செதுக்கி அங்குள்ள கைவினைஞர் செய்யும் பெட்டிகளும் தட்டிகளும் கடல் கடந்த நாடுகளிலும் விற்பனையாகின்றன. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் இவ்வாணிபத்திற்கு எதிர்பாராத தடை ஒன்று நேர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில், சிசு மரம் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் பெரும்பாலும் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. அப்பேரினத்தைச் சேர்ந்த வேறு சில மரங்கள் மடகாஸ்கரிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அளவின்றி வெட்டப்பட்டு வந்தமையே இதற்குக் காரணமாகும். நம் நாட்டில் வயல் வரப்புகளிலும் கால்வாய்க் கரைகளிலும் தாராளமாக வளரும் சிசுவும் அதே விதிக்கு உட்பட்டது. 2022ஆம் ஆண்டில் பனாமாவில் கூடிய மாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த மரத்தாலான பொருள்களை அவ்வனுமதியின்றியே அனுப்பலாம் எனத் தெளிவாக்கப்பட்டது. அதுவரை அக்கைவினைஞர் பட்ட இடர் சிறிதன்று.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? அறுத்து இழைத்த பலகைக்கு வாய் இல்லை. தான் எந்தக் காட்டில் பிறந்தது, முறையாக வெட்டப்பட்டதா அல்லது களவாடப்பட்டதா என்பதை அது சொல்லாது. ஆகவே, அதற்காகச் சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். அச்சாட்சியம் எவ்வாறு உருவாகிறது, அதைத் தாங்கி நிற்பவர் யாவர் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய கொள்கை, புதிய சாட்சி

விளைவதற்கு மேல் வெட்டலாகாது என்பது வனவியலின் அடிப்படைக் கொள்கையாகும். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு வேண்டிய விறகும் மரமும் குறைந்து வரக் கண்ட ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி, 1713ஆம் ஆண்டிலேயே இக்கொள்கையை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். இந்தியாவில் 1864ஆம் ஆண்டு டீட்ரிச் பிராண்டிஸ் காடுகளின் முதல் தலைமை இயக்குநராகப் பதவியேற்றபின், காடுகளை அளந்து, மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் எவ்வளவு வெட்டலாம் என வரையறுக்கும் செயல் திட்டங்கள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வெட்டத்தக்க மரத்தில் சுத்தியல் முத்திரை பதிப்பதும், வெட்டிய மரத்துடன் போக்குவரத்து அனுமதிச் சீட்டு அனுப்புவதும் நம் வனக்காப்பாளர்கள் நன்கறிந்த வழக்கங்களே.

இவையனைத்தும் ஓர் அலுவலகம் தன் வேலையைத் தானே சரிபார்க்கும் முறைகள். வாங்குவோருக்கும் காட்டிற்கும் இடையில் நேரான தொடர்பு எதுவும் இவற்றில் இல்லை. 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் கூடிய உலக நாடுகள், காடுகளைப் பற்றிச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ள இயலாமல், கட்டாயமற்ற கொள்கை அறிக்கையுடன் கலைந்தன. அடுத்த ஆண்டே, அதாவது 1993இல், வனப் பராமரிப்பு மன்றம் என்ற அரசு சாரா அமைப்பு நிறுவப்பட்டது. எஃப்.எஸ்.சி. என்ற சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. இயற்கைப் பாதுகாப்பு, சமூக நலன், பொருளாதாரம் ஆகிய மூன்று தரப்பினரும் அதன் பொதுச் சபையில் சம அளவு வாக்குரிமை பெற்றுள்ளனர். 1999இல் ஐரோப்பியச் சிறு வன உடைமையாளர்களின் முயற்சியால் பி.இ.எஃப்.சி. என்ற மற்றோர் அமைப்பும் தோன்றியது. பல நாடுகள் தத்தமக்கு வகுத்துக்கொண்ட திட்டங்களை ஆராய்ந்து ஏற்பளிப்பது அதன் பணியாகும்.

சான்று வழங்கப்படும் முறை

அக்மார்க் முத்திரையை நாம் அறிவோம். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் அம்முத்திரை, நெய்யும் தேனும் கலப்படமற்றவை என உறுதி கூறுகிறது. நெய்யைப் பரிசோதனைச் சாலையில் வைத்துச் சோதித்தால் உண்மை புலப்படும். காட்டுச் சான்று இதனின்று வேறுபட்டது. நன்கு பேணப்பட்ட காட்டின் தேக்குப் பலகையும், திருட்டுத் தேக்குப் பலகையும் உறுதியிலோ நிறத்திலோ வேறுபடா. ஆகவே இங்குச் சோதிக்கப்படுவது பொருளன்று. அது பிறந்த விதமும் கைமாறி வந்த வழியுமே ஆகும்.

முதலாவது, காட்டு மேலாண்மைச் சான்று. இதற்குக் கொள்கைகள், அவற்றின் கீழ் அளவைகள், ஒவ்வோர் அளவைக்கும் கண்ணால் கண்டு சரிபார்க்கத்தக்க குறிகாட்டிகள் எனப் படிப்படியாக விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. நாட்டுச் சட்டங்கள் மதிக்கப்படுகின்றனவா? தொழிலாளிக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் உண்டா? காட்டைச் சார்ந்து வாழ்வோரின் உரிமைகள் ஏற்கப்படுகின்றனவா? நீரோடைகளின் கரைகள் காக்கப்படுகின்றனவா? வெட்டும் அளவு வளரும் அளவுக்குள் அடங்குகிறதா? காட்டு நிர்வாகத்தையும் வாங்குவோரையும் சாராத மூன்றாம் தரப்புத் தணிக்கையாளர் இவற்றை ஆராய்கின்றனர். அவர்கள் ஏடுகளைப் பார்வையிடுவதோடு நில்லாமல், காட்டிற்குள் நடந்து பார்த்து, கூலியாட்களையும் கிராமத்தாரையும் தனியே விசாரிக்கின்றனர். பெருங்குறைகள் இருப்பின், அவை நீங்கும்வரை சான்று வழங்கப்படுவதில்லை. எஃப்.எஸ்.சி. சான்று 5 ஆண்டுகளுக்குச் செல்லும். எனினும் ஆண்டுதோறும் மேற்பார்வைத் தணிக்கை நடைபெறும்.

இரண்டாவது, கைமாற்றுத் தொடர்ச் சான்று. மரம் காட்டிலிருந்து கிடங்கிற்கும், கிடங்கிலிருந்து அறுவை ஆலைக்கும், அங்கிருந்து தச்சர் பட்டறைக்கும் கடைக்கும் செல்கிறது. ஒவ்வோரிடத்திலும் சான்று பெற்ற மரம் தனியே வைக்கப்பட வேண்டும்; அல்லது எவ்வளவு வந்தது, எவ்வளவு சென்றது என்ற கணக்கு ஒத்துவர வேண்டும். 10 கன மீட்டர் மரம் வந்த ஆலையிலிருந்து 12 கன மீட்டர் பலகை வெளியேறினால், இடையே வேறு மரம் நுழைந்துள்ளது என்பது வெளிப்படை. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதற்கப்பால் முத்திரைக்கு மதிப்பில்லை.

அராபாரி தந்த பாடம்

சான்று காட்டை வளர்ப்பதில்லை. வளர்ந்ததை எடுத்துரைப்பதே அதன் பணி. காட்டை வளர்ப்பவர் அதன் அருகில் வாழ்வோரும் அங்குப் பணி புரிவோருமே ஆவர். இவ்வுண்மையை நம் நாட்டிற்கு உணர்த்திய இடம், மேற்கு வங்காளத்தின் மிதினாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த அராபாரி ஆகும்.

அங்கிருந்த சால மரக் காடு 1970ஆம் ஆண்டளவில் புதர்க்காடாகச் சீரழிந்திருந்தது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்த்தெழும் இயல்பு சால மரத்திற்கு உண்டு. ஆனால் தளிர் மரமாகுமுன் விறகிற்காக வெட்டப்பட்டும், கால்நடைகளால் மேயப்பட்டும் வந்தது. காவலைக் கடுமையாக்கியதால் மோதல் வளர்ந்ததேயன்றிக் காடு வளரவில்லை. அங்கு வனவியல் ஆராய்ச்சிப் பொறுப்பிலிருந்த அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, கிராமத்தாரை விலக்கி வைத்துச் செய்யும் ஆராய்ச்சியால் பயனில்லை எனக் கண்டார். 1972ஆம் ஆண்டில், 1,272 ஹெக்டேர் காட்டைக் காக்கும் பொறுப்பில் சுற்றியிருந்த 11 கிராமங்களின் மக்களைப் பங்காளிகளாக அழைத்தார். நடவு வேலையிலும் வெட்டு வேலையிலும் அவர்களுக்கே கூலி. சுள்ளியும் தீவனமும் சேகரிக்கச் சிறு கட்டணத்தில் அனுமதி. இறுதி விளைச்சலில் 25 சதவீதப் பங்கு என்பது ஏற்பாடு.

மக்கள் தாமே முறை வைத்துக் காவல் காத்தனர். 1983ஆம் ஆண்டிற்குள், ஒன்றுக்கும் உதவாது எனக் கைவிடப்பட்ட அக்காட்டின் மதிப்பு 12.5 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. ஆயினும் விளைச்சலில் பங்கு தருவதற்கான அரசாணை 1987ஆம் ஆண்டில்தான் பிறந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. வாக்கை நம்பி மக்கள் 15 ஆண்டுகள் பொறுத்திருந்தனர். எல்லா இடங்களிலும் அத்தகைய பொறுமையை எதிர்பார்ப்பது முறையன்று.

1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, காடுகளைச் சார்ந்து வாழும் மக்களின் தேவைகளுக்கு முதலிடம் அளித்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கை, கூட்டு வன மேலாண்மையை மாநிலங்கள் அனைத்திற்கும் பரிந்துரைத்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கும் ஒரு படி மேலே சென்று, பங்காளியாயிருந்த கிராமத்தை உரிமையாளராக ஏற்றது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மேந்தா (லேகா) என்ற கோண்டு பழங்குடிக் கிராமம், 2009ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் கீழ்ச் சமூக வன உரிமை பெற்ற முதற் கிராமங்களுள் ஒன்றாகும். எனினும் 1927ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை மரமாகக் கருதியதால், தங்கள் மூங்கிலை வெளியே அனுப்ப அவர்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. 2011ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் சீட்டு வழங்கும் அதிகாரம் கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் மேலே கூறிய கைமாற்றுத் தொடரின் முதற் கண்ணி அச்சீட்டேயாகும். அக்கண்ணி எவர் கையில் இருக்கிறதோ, அவரே மரத்திற்காகச் சாட்சி சொல்ல வல்லவர்.

சிறு விவசாயியும் தொகுதிச் சான்றும்

இந்நாளில் நம் ஆலைகளுக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதி காடுகளினின்று வருவதன்று. விவசாயிகள் தம் நிலத்தில் வளர்க்கும் யூகலிப்டஸ், சவுக்கு, சூபாபுல், பாப்லார் ஆகியவற்றிலிருந்து வருவது. ஆனால் இரண்டு ஏக்கர் உடைய விவசாயி தணிக்கைச் செலவைத் தனியே தாங்குதல் அரிது. இதற்கெனத் தொகுதிச் சான்று முறை வகுக்கப்பட்டுள்ளது. பல விவசாயிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, ஒரு நிர்வாகியின் கீழ் ஒரே விதமான ஏடுகளை வைத்துக்கொள்வர். தணிக்கையாளர் அவற்றுள் சில நிலங்களை மாதிரியாகத் தேர்ந்து ஆராய்வர். செலவு பலரிடையே பகிரப்படுகிறது. அதேபோல் பொறுப்பும் பகிரப்படுகிறது. ஒருவர் அயலார் மரத்தைத் தம் கணக்கில் சேர்த்தால் சங்கம் முழுவதும் சான்றை இழக்க நேரலாம்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம் இந்திய வனம் மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. காட்டு மேலாண்மை, காடுகளுக்கு வெளியேயுள்ள மரங்களின் மேலாண்மை, கைமாற்றுத் தொடர் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். போபாலிலுள்ள இந்திய வன மேலாண்மைக் கழகம் இதனை நடத்தும் நிறுவனமாகும். காடுகளுக்கான தர விதிகள் 8 அளவைகளும் 69 குறிகாட்டிகளும் கொண்டு, 2023ஆம் ஆண்டுத் தேசியச் செயல் திட்டத் தொகுப்பின் பகுதியாகவே அமைந்துள்ளன. இத்திட்டத்தில் சேர்வது கட்டாயமன்று, விரும்பியோர் சேரலாம்.

குறைகளும் கடமைகளும்

சான்றளிப்பின் குறைகளை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. தணிக்கையாளர் ஆண்டில் சில நாட்களே காட்டில் இருப்பர். அவருக்குக் கட்டணம் செலுத்துபவர் சான்று கோருபவரே. இதனால் கண்டிப்புத் தளர இடமுண்டு. கூட்டு வன மேலாண்மையிலும் குறைகள் கண்டறியப்பட்டன. பல கிராமங்களில் குழுவின் பெயர்ப் பட்டியலில் இருந்த பெண்கள் கூட்டத்தில் இருக்கவில்லை. காட்டை மூடுவது என ஆடவர் தீர்மானித்தபின், விறகிற்காக நெடுந்தொலைவு நடக்க நேர்ந்தவர் பெண்களே. காடு தழைத்தது, சுமை இடம் மாறியது. ஏட்டில் வளர்ச்சியை மட்டும் எழுதி இதனை விடுத்தால் அவ்வேடு பாதி உண்மையே ஆகும்.

ஆகவே களப் பணியாளர்கள் மூன்று செயல்களைப் பழக்கமாகக் கொள்ளுதல் நலம். முதலாவது, வெட்டு, நடவு, தீ, மேய்ச்சல் ஆகியவற்றை நிகழ்ந்த அன்றே குறிப்பேட்டில் எழுதுதல். தணிக்கைக்கு முந்தைய வாரத்தில் நிரப்பப்பட்ட ஏட்டைப் பழகிய கண் எளிதில் கண்டுகொள்ளும். இரண்டாவது, கிராமத்தாருக்கு உரிய பங்கு எவ்வளவு, எந்நாளில் தரப்பட்டது என்பதை அவர்கள் படிக்கத்தக்க மொழியில் பொது இடத்தில் எழுதி வைத்தல். மூன்றாவது, குறைகளையும் பதிவு செய்தல். குறையே இல்லாத ஏடு ஐயத்தையே விளைவிக்கும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பறையிலேயே தொடங்கலாம். பள்ளியின் பெஞ்சு ஒன்றைக் காட்டி, ‘இம்மரம் எங்கிருந்து வந்தது?’ என வினவுக. மாணவர் தச்சரிடமும், தச்சர் வாங்கிய மரக்கடையிலும், கடைக்கு அனுப்பிய அறுவை ஆலையிலும் விசாரித்து வரட்டும். பெரும்பாலும் இரண்டு, மூன்று கைகளுக்கு அப்பால் விடை கிடைக்காமற் போகும். எவ்விடத்தில் விடை நின்றுபோகிறதோ, அவ்விடத்தைக் கரும்பலகையில் குறித்துக் காட்டுக. அங்குச் சாட்சி இல்லை என்பதை மாணவர் தாமே அறிந்துகொள்வர்.

காட்டில் ஒரு வனக்காப்பாளர் எழுதும் ஒரு வரியும், கிராம சபை கையொப்பமிடும் ஒரு சீட்டும் அக்குறையை நிரப்ப வல்லவை. தொலைதூரத்தில் முத்திரையைக் கண்டு பொருள் வாங்குபவர், இவ்விரண்டின் உண்மையை நம்பியே வாங்குகிறார்.